முற்றமும் கீழ்த்தளமும்: குறொய்ஸ்பேர்க் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிறீட்றிக்ஸ்ஹைன்-குறொய்ஸ்பேர்க் மாவட்ட அலுவலகத்தாரும் மாவட்ட மன்ற உறுப்பினர்களும்; பேர்லின் மாநில அரசான செனற்றின் நகர அபிவிருத்தித் துறையினர்

மதிப்புக்குரியோருக்கு,

குறொய்ஸ்பேர்க்கில் வாடகைக்குக் குடியிருப்பவரின் வீட்டை நீங்கள் ஓரளவுக்குக் காத்து வருகிறீர்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக் கடைக்கும் பின்முற்றத்துப் பட்டறைக்கும் அந்தக் காவல் எட்டவில்லை. வீட்டுக்கு என்ன செய்கிறீர்களோ அதைக் கடைக்கும் பட்டறைக்கும் செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

தமிழில் எழுதி வெளியிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பேர்லினுக்கு வரும் தமிழருக்கும் இந்தப் பகுதியை "பல நாட்டவர் வாழும் வண்ணமயமான இடம்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். வருகிறவர்கள் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், சுட்ட இறைச்சி ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். அந்தப் பன்மை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உங்கள் அலுவலகங்களின் விளம்பரத் தாள்களும் சொல்வதில்லை. பத்துச் சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஓரிடம் இப்படி ஆனதற்குக் கட்டடத்திலேயே காரணம் இருக்கிறது. ஆகவே கட்டடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

1862இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ற் வரைந்த விரிவாக்கத் திட்டம் வீதிகளையும் சதுக்கங்களையும்தான் குறித்தது. வீதிகளுக்கு நடுவே விழுந்த ஆழமான காணிகளில் என்ன கட்டுவது என்பதைக் காணிக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அவர்களுக்கு இருந்த முக்கியமான கடிவாளம் 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி. முற்றம் ஆகக் குறைந்தது 5.34 மீற்றர் நீளமும் அதே அகலமும் இருக்கவேண்டும் என்றது அந்த விதி. வெளிச்சத்தையும் காற்றையும் நினைத்து வைத்த அளவில்லை அது. தீயணைப்பு வண்டியைத் திருப்புவதற்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது. காணிக்காரர் அந்த அளவை விட்டுவிட்டு மீதி முழுவதையும் கட்டினார்கள்: வீதியோரத்தில் ஐந்து தளங்களுடன் முன்கட்டு, அதன் தோளிலிருந்து பின்னோக்கி நீளும் பக்கக்கட்டு, குறுக்கே பின்கட்டு. காணி இன்னும் ஆழமாக இருந்தால் அதற்குப் பின்னால் இரண்டாம் முற்றம், சில இடங்களில் மூன்றாம் முற்றம். தமிழரின் பழைய நாற்சார் வீட்டைத் தெரிந்தவருக்கு "கட்டு" என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துவது தெரியும். ஆனால் அங்கே முற்றத்தைச் சுற்றி ஒரு குடும்பம் இருக்கும். இங்கே ஒரே முற்றத்தைச் சுற்றி நாற்பது, ஐம்பது குடும்பங்கள்.

ஒரே கூரையின் கீழே வாடகை படிப்படியாக இறங்கியதுதான் இந்த அமைப்பின் சூட்சுமம். முன்கட்டின் முதலாம் மாடியில் உயர்ந்த உட்கூரையும் சுண்ணச் சிற்பவேலையும் உள்ள பெரிய வீடு. அதில் ஓர் அதிகாரியோ வியாபாரியோ இருப்பார். மேலே ஏற ஏற வாடகை குறையும், ஏனென்றால் மின்தூக்கி இல்லை. முன்கட்டும் பக்கக்கட்டும் சேரும் மூலையில் ஒரு பெரிய இருண்ட அறை வரும். முற்றத்தின் மூலையைப் பார்த்த ஒரேயொரு யன்னல்தான் அதற்கு. இதையே "பேர்லினர் அறை" என்கிறார்கள். பின்கட்டில் ஓர் அறையும் குசினியும் கொண்ட சிறு வீடுகள். மலசலகூடம் மாடிப்படியின் அரைத்தட்டில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும். முற்றத்தின் அடியிலும் பின்கட்டின் தளங்களிலும் பட்டறைகள்: தச்சு, அச்சு, விளக்கு, உலோக அலங்காரம், தோல். றிற்றர் வீதியைச் சுற்றிய பகுதி உலகம் முழுவதும் சரக்கு அனுப்பியதால் "ஏற்றுமதி வட்டாரம்" என்றே பெயர் பெற்றது. குடியிருப்பும் தொழிலும் ஒரே காணியில் பின்னிக் கிடந்த இந்த ஏற்பாட்டுக்கு நகர வரலாற்றாளர் வைத்த பெயர் "குறொய்ஸ்பேர்க் கலவை". கலவை என்ற சொல் முதலில் மனிதரைக் குறிக்கவில்லை, அறைகளைத்தான் குறித்தது என்பதைக் கவனியுங்கள். மனிதர்கள் அந்த அறைகளின் வழியாகத்தான் வந்தார்கள்.

முதலில் வந்தவர்கள் சிலேசியாவிலிருந்தும் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்தும் வந்த ஏழைகள். 1866இல் திறந்த கோர்லிற்ஸ் புகையிரத நிலையத்தில் இறங்கி, நடந்துபோகும் தூரத்திலேயே பின்கட்டு அறை எடுத்தார்கள். சிலேசிய வாயில் என்ற பெயர் இன்றும் மேம்பாலப் பாதையின் நிலையப் பலகையில் இருக்கிறது. 1920களில் இங்கே இன்றுள்ளதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான மக்கள் இருந்தார்கள். யூதக் குடும்பங்களின் எண்ணிக்கை கூடியதால் கால்வாய்க் கரையில், இன்றைய பிறேங்கல் கரையில், 1916இல் பெரிய யூத ஆலயம் ஒன்று எழுந்தது. 1938 நவம்பரில் யூதருக்கு எதிராக நடந்த வன்முறையும் பின்னர் போரும் பிரதான மண்டபத்தைச் சிதைத்தன. 1950களின் இறுதியில் மிச்சத்தையும் இடித்தார்கள். பக்கத்திலிருந்த இளைஞர் வழிபாட்டு மண்டபத்தில்தான் இன்றும் வழிபாடு நடக்கிறது. 1945 பெப்ரவரி 3ஆம் திகதிக் குண்டுவீச்சு மேற்குப் பாதியைத் தரைமட்டமாக்கியது. கிழக்குப் பாதி, அதாவது பழைய தபால் எண்ணால் எஸ்.ஓ. 36 என்று சொல்லப்படும் பகுதி, பெருமளவுக்குத் தப்பியது. இன்று மக்கள் "பழைய குறொய்ஸ்பேர்க்" என்று தேடி வருவது தப்பிய அந்தப் பாதியையும், 61 என்ற எண்ணுள்ள பேர்க்மன் வீதிப் பக்கத்தையும்தான்.

1961 ஓகஸ்ற் 13இல் பேர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த மதில் வந்தது. அதற்கு முன்பு நகரத்தின் நடுவாக இருந்த எஸ்.ஓ. 36 மூன்று பக்கமும் அடைபட்ட முட்டுச்சந்தாகியது. ஸ்பிரே ஆற்றின் அகலம் முழுவதும், மேற்குக் கரையின் கல் வரைக்கும், கிழக்கு பேர்லினுக்குச் சொந்தம். 1966க்கும் 1975க்கும் இடையில் அந்தக் கரையில் விளையாடிய ஐந்து பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து இறந்தார்கள். எல்லை என்பதால் மேற்குப் பக்கத்து மீட்பாளர்கள் தயங்கி நின்றார்கள். ஐந்தாவது பிள்ளை இறந்த பிறகு, 1975 ஒக்ரோபர் 29இல்தான், மீட்புக்கான உடன்பாடு கைச்சாத்தானது. இறந்த ஐவரில் மூவர் துருக்கியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அந்தக் கரையின் ஒரு பகுதிக்கு 2010இல் ஆபிரிக்க ஜேர்மன் கவிஞர் மே ஆயிமின் பெயரைச் சூட்டியது நல்ல காரியம். ஒரு காலத்தில் அதற்கு இருந்த பெயர், ஆபிரிக்கக் கரையில் பிராண்டன்பேர்க்கின் அடிமை வணிகக் கோட்டையை நிறுவியவருடையது.

துருக்கியிலிருந்து வந்தவர்கள் ஏன் இங்கே சேர்ந்தார்கள்? "ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்தார்கள்" என்ற பதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது. 1963இல் மேற்கு பேர்லின் முதலாவது நகரப் புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தது. பழைய கட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது நோக்கம். ஒரானியன் சதுக்கத்தின் வழியாக ஒரு நகர நெடுஞ்சாலையும் வரைபடத்தில் இருந்தது. இடிபடப் போகும் வீட்டைத் திருத்த எந்த உரிமையாளரும் காசு போடமாட்டார். கூரை ஒழுகியது, குழாய் உறைந்தது, பழைய குடியிருப்பாளர் புதிய தொடர்மாடிகளுக்குப் போனார்கள். இடிக்கும் நாள் வரும்வரைக்கும் சும்மா கிடக்காமல் யாருக்காவது குறுகிய கால வாடகைக்குக் கொடுக்கலாம் என்று வந்தபோது, துருக்கியோடு 1961 ஒக்ரோபர் 30இல் செய்துகொண்ட ஆட்சேர்ப்பு ஒப்பந்தத்தின்கீழ் வந்த தொழிலாளர் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுப்பார் குறைவு. எனவே "சில மாதங்களுக்கு" என்று கொடுத்த இடிபாட்டு வீட்டில் ஒரு தலைமுறை வளர்ந்தது. பிறகு, மிக அதிகமாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்து, 1975 முதல் குறொய்ஸ்பேர்க், வெடிங், தியர்கார்ட்டன் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் குடிவரத் தடை போட்டு வெளிநாட்டவரின் கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தினார்கள். சேர்த்ததும் நிர்வாகம், தடுத்ததும் நிர்வாகம். இதைப் பழி சொல்வதற்காக எழுதவில்லை. நிர்வாக முடிவால் உண்டான ஒன்றை நிர்வாக முடிவால் காக்கவும் முடியும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

தமிழருக்கும் இந்தக் கதையில் ஒரு சிறிய இடம் உண்டு. இலங்கையிலிருந்து ஓடிய பலர், 1985இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைக்கும்வரை, ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி பிறீட்றிக் வீதி நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்தார்கள். மேற்குப் பக்கம் அதை அரச எல்லையாக ஏற்காததால் அங்கே கடவுச்சீட்டுப் பரிசோதனை இருக்கவில்லை. பேர்லின் மயூரபதி முருகன் கோயில் 2013இல் பிறிற்ஸில் தனக்கென்று கட்டிய இடத்துக்குப் போவதற்கு முன்பு பல ஆண்டுகள் இருந்தது குறொய்ஸ்பேர்க்கின் ஊர்பான் வீதியில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில். கோபுரம் கட்ட வசதியில்லாத காலத்தில் முருகனின் வேலாயுதத்தை வைக்க ஓர் இடம் கிடைத்ததென்றால், அந்தக் கட்டடத்தில் யாரும் அதிக வாடகை கேட்க முடியாத ஓர் அறை இருந்ததுதான் காரணம். பின்கட்டுகளில் மசூதிகளும் தேநீர்க் கழகங்களும் தேவாலயங்களும் பாட்டுப் பயிற்சி அறைகளும் தோன்றியதற்கும் இதே காரணம்தான்.

இடிப்பு எப்படி நின்றது என்பதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் கோரிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. 1847இல் திறந்த பெத்தானியன் மருத்துவமனையை 1970இல் மூடினார்கள். 1971 டிசம்பர் 8இல் அதன் வளாகத்திலுள்ள ஒரு கட்டடத்தை இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1974இல் கொட்புசர் தோர் சதுக்கத்தில் பன்னிரண்டு தளத் தொடர்மாடி முடிந்தது. வரவிருந்த நெடுஞ்சாலையின் சத்தத்துக்கு அது மதிலாகவும் இருக்கும் என்று எண்ணினார்கள். நெடுஞ்சாலை வரவேயில்லை. 1979 முதல் வெறும் வீடுகளில் புகுந்து, தாங்களே கூரை போட்டு, குழாய் மாற்றிக் குடியிருக்கும் இயக்கம் பரவியது. 1981இன் நடுவில் மேற்கு பேர்லினில் அப்படி 160 வரையான வீடுகள். லவுசிற்ஸ் வீதியில் ஒரு பழைய இரசாயனத் தொழிற்சாலையை 1981 மார்ச்சில் பிடித்தவர்கள், மாசுபட்ட மண்ணையும் சமாளித்து, அங்கே சைக்கிள் பட்டறையும் சமையலறையும் சிறுவர் நிலையமும் உண்டாக்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. பின்முற்றம் என்ன தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த அழுத்தத்தின் நடுவேதான், நகரப் புதுப்பிப்பை நடத்த மேற்கு பேர்லின் அமைத்த சர்வதேசக் கட்டடக் கண்காட்சியின் பழைய நகரப் பிரிவு, ஹார்ட்-வால்ற்ஹெர் ஹேமரின் தலைமையில், "நிதானமான நகரப் புதுப்பிப்பு" என்ற பன்னிரண்டு கோட்பாடுகளை எழுதியது. 1983இல் நகரம் அவற்றை ஏற்றது. முதலாவது கோட்பாட்டைத் தயவுசெய்து மறுபடி எடுத்துப் படியுங்கள். இப்போது இருக்கும் குடியிருப்பாளரோடும் தொழில் செய்வோரோடும் சேர்ந்து திட்டமிட்டு, கட்டடத்தைக் காத்தபடி புதுப்பிக்கவேண்டும் என்பது அதன் பொருள். குடியிருப்பாளரும் தொழில் செய்வோரும் ஒரே வரியில் வருகிறார்கள். பிறகு வந்த சட்டங்களும் கருவிகளும் அந்த வரியின் முதற் பாதியை எடுத்துக்கொண்டன. இரண்டாம் பாதி கைவிடப்பட்டது.

இன்று நடைமுறை எப்படி இருக்கிறதென்று பார்ப்போம். வீட்டு வாடகைக்காரரை வெளியேற்ற உரிமையாளர் சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டவேண்டும். நவீனமயமாக்கல் செலவில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டை வாடகையில் ஏற்றலாம், ஆனால் ஆறு ஆண்டுகளில் சதுர மீற்றருக்கு 3 யூரோவுக்கு மேல் போகமுடியாது. வாடகை 7 யூரோவுக்குக் குறைவென்றால் 2 யூரோதான். 60 சதுர மீற்றர் வீட்டின் பங்குக்கு 45,000 யூரோ செலவு என்று வையுங்கள். 8 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 3,600, மாதத்துக்கு 300 யூரோ. உச்சவரம்பு அதை 180 யூரோவில் நிறுத்துகிறது. அதுவும் ஓர் ஓய்வூதியக்காரரை அசைக்கப் போதும், ஆனாலும் ஒரு வேலி என்று இருக்கிறது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். தொழில் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை, ஒப்பீட்டு வாடகைப் பட்டியல் இல்லை. காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே முடிக்கலாம். காலாண்டின் மூன்றாவது வேலைநாளுக்குள் கடிதம் கொடுத்தால் அடுத்த காலாண்டின் முடிவில் கடை காலி, அதாவது ஆறு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து அல்லது பத்து ஆண்டு என்று காலம் குறித்த ஒப்பந்தமாக இருந்தால், அந்த நாள் வந்ததும் உரிமையாளர் எந்தத் தொகையும் கேட்கலாம். வெதுப்பகத்தில் அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் மாவு இயந்திரத்துக்கும் போட்ட முதல் பத்து ஆண்டில்தான் மீளும். மீண்ட ஆண்டிலேயே ஒப்பந்தமும் முடிகிறது. வாய்ப்பேச்சில் செய்துகொண்ட மாற்றங்கள் இன்னொரு பொறி. "முற்றத்தில் சாமான் வைக்கலாம்", "வாடகையை இனி இவ்வளவாகக் கொடுத்தால் போதும்" என்று எழுதாமல் ஒத்துக்கொண்டவை, நீண்டகால ஒப்பந்தத்தின் வடிவக் குறையாகி, காலம் முடியுமுன்பே அதை முறிக்க வழி திறந்துவிடுகின்றன. கட்டடம் கைமாறும்போது புதிய உரிமையாளரின் வழக்கறிஞர் முதலில் தேடுவது இதைத்தான். பழைய உரிமையாளரோடு இருபது ஆண்டு முகப்பழக்கத்தில் நடந்த கடைக்காரர் கையில் ஒரு துண்டு எழுத்தும் இராது.

இது கடைக்காரரின் பிரச்சினை மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறுவர் பராமரிப்பு நிலையமும், மருத்துவரின் அறையும், அகதிகளுக்குச் சட்ட ஆலோசனை கொடுக்கும் அலுவலகமும், முதியோர் கூடும் இடமும் இதே தொழில் ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. மேல்மாடியில் குடும்பத்தைக் காத்துவிட்டுக் கீழ்மாடியில் அதன் பிள்ளை போகும் நிலையத்தை இழந்தால் அந்தக் குடும்பம் எத்தனை நாள் தங்கும்?

2015இல் றாங்கல் வீதியில் பல ஆண்டுகள் நடந்த ஒரு மரக்கறிக் கடைக்கு வெளியேற்றக் கடிதம் வந்தபோது அயலவர்கள் வாரந்தோறும் வீதியில் கூடினார்கள். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. 2017இல் றைஹன்பேர்கர் வீதி வெதுப்பகத்துக்கும் அப்படியே. 2021 ஓகஸ்ற் இறுதியில் ஒரானியன் வீதி 25இலிருந்த புத்தகக்கடைக்கு எத்தனை பேர் நின்றும் பயனில்லை. நீதிமன்றத் தீர்ப்போடு காலியானது. மூன்று இடத்திலும் சட்டம் ஒன்றுதான். உரிமையாளருக்கு நற்பெயர் வேண்டுமா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. இருபது ஆண்டு உழைப்பு அதைப் போய் நம்பியிருக்கக்கூடாது.

குடியிருப்புச் சூழல் பாதுகாப்புப் பகுதிகள் ஏன் உதவவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டடச் சட்டத்தின் 172ஆம் பிரிவு காப்பது குடியிருக்கும் மக்களின் கலவையை. கடை அந்தச் சொல்லுக்குள் வராது. கட்டடம் விற்கப்படும்போது வாங்குபவரை முந்தி மாவட்டமே அதை எடுத்துக்கொள்ளும் முன்கொள்வனவு உரிமையும் 2021 நவம்பர் 9இல் பெரிய அடி வாங்கியது. குறொய்ஸ்பேர்க் ஹைம் வீதியிலுள்ள ஒரு வீடு குறித்த வழக்கில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், கட்டடம் திட்டத்துக்கு ஏற்பப் பயன்பட்டு, குறைபாடும் இல்லாதிருந்தால், நாளைக்குக் குடியிருப்பாளர் விரட்டப்படலாம் என்ற அச்சத்தை மட்டும் வைத்து அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது என்று தீர்த்தது. பலர் அத்தோடு கருவி செத்தது என்று கோப்பை மூடினார்கள். தீர்ப்பைக் கவனமாகப் படித்தால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: குறைபாடுள்ள கட்டடங்கள். நொய்கோல்ன் மாவட்டம் 2024இல் வைக்சல் வீதியில் மோசமான நிலையிலிருந்த ஒரு வீட்டுக்கு அந்த வாசலால் போயிருக்கிறது.

ஆனால் விற்பனைப் பத்திரம் உங்கள் மேசைக்கு வந்த பிறகு இருப்பது மூன்று மாதம். அதற்குள் கட்டடத்தைப் பார்த்து, குறைகளைப் பதிவுசெய்து, பெறுமதி மதிப்பிட்டு, வாங்கும் நிறுவனத்தைத் தேடி, பணம் ஒழுங்குசெய்யவேண்டும். நடைமுறையில் முதலாவது படியிலேயே ஆறு வாரம் போய்விடுகிறது. ஆகவே விற்பனை வருமுன்பே குறைபாட்டுக் கோப்பு இருக்கவேண்டும். நிலக்கீழ்ச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது, கூரைச் சட்டத்தில் உளுப்பு எங்கே, எத்தனை வீடு எத்தனை மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது, எது உல்லாசப் பயணிகளுக்கு விடப்படுகிறது, பின்கட்டின் தீயணைப்பு வழி திறந்திருக்கிறதா: இவை திகதியோடும் படத்தோடும் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். உங்கள் கட்டடக் கண்காணிப்புப் பிரிவில் ஆள் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுங்கள். அவர்களே ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பித் தருவார்கள். சந்தேகமானதை மட்டும் உங்கள் ஆட்கள் போய்ப் பார்க்கலாம்.

சத்தம் பற்றிய விதிதான் பின்முற்றத்துப் பட்டறையை அடுத்ததாகக் கொல்லுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொதுக் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 40. கலப்புப் பகுதியில் 60, 45. 2017இல் வந்த "நகரப் பகுதி" என்ற வகையில் பகலில் 63, இரவில் 45. அளப்பது பாதிக்கப்பட்டவரின் திறந்த யன்னலுக்கு அரை மீற்றர் வெளியே. 5.34 மீற்றர் முற்றமோ ஐந்து தளச் சுவர்களால் சூழ்ந்த கிணறு. கீழே மரம் அரியும் இயந்திரம் ஒன்று ஓடினால் மேலே கூரைத்தளத்தில் ஒலி எதிரொலித்துப் போகும். அந்தக் கூரைத்தளம் உலர்த்தும் மாடமாக இருந்தவரை பிரச்சினை இல்லை. அங்கே மாடி வீடு கட்ட அனுமதி கொடுத்த நாளில், நூறு ஆண்டு பழைய பட்டறை "புதிய இரைச்சல்" ஆகிவிடுகிறது. பின்னால் ஒவ்வொரு தளமாக வீடாகி, இடத்தின் தன்மையே குடியிருப்பு என்று ஆகும்போது 60 இருந்த இடத்தில் 55 கேட்கிறார்கள். ஐந்து டெசிபெல் சிறிதாகத் தெரியும். ஒரு தச்சுப் பட்டறைக்கு அது கதவடைப்பு.

செய்யக்கூடியது இருக்கிறது. தொழில் முற்றங்கள் இன்னும் உயிரோடிருக்கும் காணிகளுக்குக் கட்டடத் திட்டத்தில் "நகரப் பகுதி" வகையைக் குறியுங்கள். கூரைவீட்டு அனுமதியில், முற்றத்தைப் பார்த்த படுக்கையறை வைக்காதபடி அறை அமைப்பை நிபந்தனையாக்குங்கள். அதற்கு முன்பு முற்றங்களின் பதிவேடு ஒன்று வேண்டும்: உட்கூரை உயரம், தளம் தாங்கும் பாரம், சாமான் தூக்கி ஓடுகிறதா, வாயில் வளைவுக்குள்ளால் எவ்வளவு பெரிய வாகனம் போகும், மின் இணைப்பின் வலு. ஒரு பட்டறை இடம் இழந்தால் மாவட்டத்துக்குள்ளேயே மாற்றிடம் காட்ட இந்த ஐந்து விவரமும் போதும். இப்போது அப்படி ஒருவர் கேட்டால் உங்களால் சொல்லத்தக்கது சதுர மீற்றர் மட்டுமே. வாயிலுக்குள் லொறி நுழையாத 300 சதுர மீற்றரை அச்சகத்துக்குக் காட்டிப் பயனில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத இடமும் உண்டு: நகரத்தின் சொந்தக் கட்டடங்கள். கொட்புசர் தோர் தொடர்மாடியை 2017இல் நகரத்தின் வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. அதில் ஏறக்குறைய முந்நூறு வீடுகளோடு மரக்கறி, நகை, துணி, பயணச்சீட்டு, தேநீர் என்று பல பத்துச் சிறு கடைகளும் இருக்கின்றன. அங்கே ஒப்பந்தத்தை எழுதுவது நீங்கள். பத்து ஆண்டுக் காலமும், அதன்பின் ஐந்து ஆண்டு நீட்டிக்கும் உரிமையும் கடைக்காரருக்கு இருக்கட்டும். வாடகை உயர்வை நுகர்வோர் விலைச் சுட்டியோடு கட்டி, ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். கடையை மகளுக்கோ வேலையாளுக்கோ கைமாற்றும்போது புதிய வாடகை என்று தொடங்காமல் பழைய ஒப்பந்தமே தொடரட்டும், ஏனென்றால் பல கடைகள் முடிவது அந்த நாளில்தான். 30, 40 சதுர மீற்றர் அலகுகளை உடைத்துப் பெரிய கடையாக்க விடாதீர்கள். ஒருமுறை இணைத்த அலகு திரும்பப் பிரிவதில்லை; தண்ணீர், கழிவு, மின் மானி எல்லாம் ஒன்றாகிவிடும். அந்த ஒப்பந்தப் படிவத்தை இரகசியமாக வைக்காமல் பொதுவில் போடுங்கள். தனியார் உரிமையாளரோடு பேரம் பேசும் கடைக்காரருக்கும் அது கையில் ஒரு மாதிரியாக இருக்கும்.

மேரிங் சாலையிலுள்ள பழைய குதிரைப்படை வளாகம் இன்னொரு வாய்ப்பு. 4.7 ஹெக்டேயர். கூட்டாட்சி அரசு அதைக் கூடிய விலைக்குத் தனியாருக்கு விற்கப் பார்த்தது. 2015இல் மாநிலங்கள் அவையின் நிதிக் குழு தடுத்தது. பின்னர் பேர்லினுக்கு வந்து சேர்ந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் வரவேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. லாயங்களில் இப்போது இருக்கும் கார் திருத்துமிடமும் பட்டறைகளும் கட்டட வேலையின்போது எங்கே போகும், முடிந்தபின் எந்த வாடகையில் திரும்பும் என்பதைக் கட்டட வேலை தொடங்குமுன்பே எழுத்தில் கொடுங்கள். "முன்னுரிமை அளிக்கப்படும்" என்ற சொற்றொடர் ஒப்பந்தம் இல்லை.

ஐசன்பான் வீதியின் ஒன்பதாம் சந்தை மண்டபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1891இல் திறந்த அந்த மண்டபத்தை 2011இல் அதிக விலை கேட்டவருக்குக் கொடுக்காமல் நல்ல திட்டம் வைத்தவர்களுக்கு நகரம் கொடுத்தது. அது துணிவான முடிவு. ஆனால் 2019இல் மண்டபத்துக்குள்ளிருந்த மலிவு விலைக் கடையை எடுக்கப் போனபோது, அயலவர்கள் எங்கள் வரவுக்கு இங்கே வாங்க வேறென்ன இருக்கிறது என்று எழுந்தார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. திட்டத்தைப் பார்த்துக் கொடுக்கும்போது, அந்த வீதியில் குறைந்த வருமானத்தில் வாழ்பவர் அன்றாடம் வாங்கக்கூடிய பொருட்களுக்கு எத்தனை சதுர மீற்றர் என்பதும் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்கவேண்டும்.

செனற்றிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். தொழில் வாடகைச் சட்டம் கூட்டாட்சியின் கையில் இருப்பதால் மாவட்டத்தால் அதைத் தொட முடியாது. மாநிலங்கள் அவையில் அதை முன்வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நெருக்கடியான சந்தையுள்ள பகுதிகளில் சிறு தொழில்களுக்கு ஆகக் குறைந்த ஒப்பந்தக் காலம், நீட்டிக்கும் உரிமை, வாடகை ஏற்றத்துக்கு வரம்பு: இம்மூன்றும் எழுதப்பட்ட ஒரு வரைவைக் கொண்டுபோங்கள். தோற்றாலும் எந்த மாநிலம் எதிர்த்தது என்பது பதிவில் இருக்கும்.

விளம்பரத் தாள்களைத் திருத்தும்போது ஒரு சிறு பிழையையும் சரிசெய்யுங்கள். மைபாக் கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் சந்தையைக் குறொய்ஸ்பேர்க் சந்தை என்று பல தாள்கள் எழுதுகின்றன. அது கால்வாயின் மறுகரை, நொய்கோல்ன். குறொய்ஸ்பேர்க்குக்கென்று எழுத வேறு எவ்வளவோ இருக்கிறது. பெத்தானியன் கரையில், கிழக்குக்குச் சொந்தமாகவும் மதிலுக்கு மேற்கே தப்பியும் கிடந்த மூலைத் துண்டில் ஒஸ்மான் கலின் 1980களின் தொடக்கத்தில் வெங்காயமும் உள்ளியும் நட்டு, கழிவுப் பலகைகளால் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. வீட்டு முற்றங்களில் இரண்டையாவது திறந்து, 5.34 மீற்றர் என்ற அளவைத் தரையிலேயே கோடாகக் காட்டி, எந்தத் தளத்தில் யார் என்ன தொழில் செய்தார் என்று துருக்கியிலும் அரபிலும் ஜேர்மனிலும் ஒரு பலகை வையுங்கள். தமிழில் எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

மாவட்ட மன்றத்தின் பொது அமர்வில் குடிமக்கள் கேள்வி நேரம் இருக்கிறது. கொட்புசர் தோர் கடைகளின் ஒப்பந்தங்களில் எத்தனை அடுத்த மூன்று ஆண்டுகளில் முடிகின்றன, அவற்றுக்கு எந்த நிபந்தனையில் நீட்டிப்பு என்ற கேள்வியை அங்கே எழுத்தில் வைப்போம். பதிலை எண்களோடு எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
குறொய்ஸ்பேர்க்கின் பழைய கட்டுகளையும் முற்றங்களையும் படித்துப் பதிவுசெய்துவரும் தமிழர் சிலர்
பேர்லின்